இரண்டாவது ஆணி

குற்றச்சாட்டு. 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, பழைய இரும்பு அழுத்தும் கூடத்தில், பிரஸ் இயக்குபவர் ஒருவரின் இரண்டு கைகளும் முழங்கைக்குக் கீழே நசுங்கித் துண்டாயின. ஆகஸ்ட் 31ஆம் தேதியிட்ட விசாரணை அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் நிர்வாகம் இப்படி எழுதியிருக்கிறது: "இயக்குபவர் முரட்டுச் சுபாவம் உடையவர், வேலைப்படத்தின் ஐந்தாம் படியை வேண்டுமென்றே மீறினார்." இந்த வாக்கியத்தின் முன்பாதி உண்மை. பின்பாதி பொய். அது பொய் என்று தெரிந்தே எழுதப்பட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அந்த வேலைப்படத்தை வரைந்தவன் நான். கை இழந்தவர் என் தங்கையின் கணவர். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு யாரும் கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அறிக்கையின் பதினோரு பக்கங்களில் எந்திரம் இருக்கிறது. எண்ணெயின் தரம், போல்ட்டின் தடிமன் எல்லாம் இருக்கின்றன. மனிதருக்கு ஒரே ஒரு வரி. ஆகவே அந்த மனிதரைப் பற்றி ஒரு பக்கம் இணைப்பாக எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டது. நிர்வாகம் படிக்காது என்று அனுபவத்தில் தெரியும் என்பதால், வேறு யார் எடுத்துப் படித்தாலும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

பிரஸ் என்பது தரையோடு பதித்த ஓர் இரும்புத் தொட்டி. கிரேன் ஒரு பழைய காரைத் தூக்கி அதற்குள் போடும். மூடி இறங்கும், பக்கச் சுவர் உள்நோக்கி நகரும். முதலில் கண்ணாடிகள் வெடிக்கும். பிறகு கூரை மடியும். அதன்பின் நீண்ட ஒரு முனகல் கேட்கும். அது இரும்பின் சத்தம்தான் என்று நம்பப் புதிதாக வருபவர்களுக்குச் சில நாள் ஆகும். நாற்பதாவது நொடியில் ஒரு பயணப்பெட்டி அளவுக் கட்டி வெளியே விழும். ஐந்து பேர் உட்கார்ந்து போன கார் அது. முதல் வாரம் முழுக்கச் சோறு இறங்காமல், இரண்டாம் வாரம் வராமலே போனவர்கள் பலர்.

அந்த எந்திரத்தைப் பதினாறு ஆண்டு இயக்கியவரை யார்டில் சம்மட்டி என்று அழைத்தார்கள். என் தங்கையும் கோபம் வந்தால் அப்படித்தான் அழைப்பாள். கூப்பிடக் காரணம் இருந்தது. வந்த முதல் ஆண்டிலேயே, வரிசையை மீறி நுழைந்த ஒரு லாரி ஓட்டுநரை இறக்கி, அவருடைய சங்கிலியாலேயே அவருடைய லாரியின் பம்பரில் கட்டி வைத்தார். கிரேன் ஓட்டுநரின் தாடையை உடைத்தார். என் முன்பற்கள் இரண்டையும் எடுத்தார். தாடைக்கும் பல்லுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, முதலில் பல்.

நான் எட்டாவது வரை படித்தவன். எடைமேடை எழுத்தன். பழைய இரும்போடு பழைய எந்திரங்களும் வரும். அவற்றின் கதவுக்குள் செருகிய கையேடுகளை யாரும் எடுப்பதில்லை, நான் எடுப்பேன். நானூற்றுப் பதினொரு கையேடுகள் என்னிடம் இருக்கின்றன. ஒரு வேலையைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைய முடியும் என்பதை, நசுங்கக் காத்திருந்த ஒரு சலவை எந்திரத்தின் கையேட்டில்தான் கற்றேன். ஆனால் முதன்முதலாக நான் எழுதிக் கொடுத்தது படம் அல்ல. பிரஸ்ஸில் இரும்பு சிக்கினால் எப்படி எடுப்பது என்று இரண்டு பக்கத்துக்கு வாக்கியங்களாகவே எழுதினேன். ஃபோர்மேன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொன்னார். சம்மட்டியின் முறை வந்தது. அவர் பள்ளிக்கூடத்தை வெளியே இருந்து மட்டும் பார்த்தவர். தாளை வெறித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக எடைமேடைக்கு வந்தார். அடி விழுந்தது எனக்கு நினைவில்லை. மேடைமேல் நான் கிடந்ததும், முள் அறுபது கிலோவில் நடுங்கியதும், வாய்க்குள் உப்பும் கற்களுமாக இருந்ததும் நினைவிருக்கின்றன. கற்கள் அல்ல, பற்கள். அன்றைய எடைச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் என் அறைக்கு வந்தார். நான் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கம்பியைப் பொருட்படுத்தவே இல்லை. மடித்த அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அடிச்சது அடிச்சாச்சு. இப்ப இதை எனக்குப் புரியற மாதிரி வரைஞ்சு குடு" என்றார்.

அப்படித்தான் என் முதல் வேலைப்படம் பிறந்தது. ஏழு பெட்டிகள், ஏழு படங்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தும் விரல்; இறங்கும் அழுத்தமுள்; திரும்பி நிற்கும் கிரேன்; திறந்த மூடி. ஐந்தாவது பெட்டியில், கையாள் பிரஸ் ஓரத்துச் சுவிட்சைப் பூட்டிச் சாவியை இயக்குபவரிடம் கொடுக்கிறான். ஆறாவதில், எலக்ட்ரீஷியன் பேனல் அறையில் மெயின் சுவிட்சை இறக்கி இன்னொரு பூட்டுப் போடுகிறார். ஏழாவதில்தான் கை தொட்டிக்குள் போகிறது. ஒரு பூட்டுப் போதாதா என்று அப்போதைய மேலாளர் கேட்டார். ஒரு பூட்டை ஒருவன் மறப்பான். இரண்டையும் இருவர் ஒரே நேரத்தில் மறக்க மாட்டார்கள் என்று பதில் எழுதினேன்.

சம்மட்டி அந்தப் படத்தை விரலால் படிப்பார். ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு, உதட்டை அசைத்து, அடுத்ததற்குப் போவார். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே என் பிழை இருக்கும். திருத்தினால் விரல் நகரும். எழுத்துத் தெரிந்த முப்பத்தாறு பேர் சுவரில் மாட்டியதைத் திரும்பியும் பார்க்காத யார்டில், தெரியாத ஒருவர் தினமும் பார்த்தார். மற்றவர்களையும் பார்க்க வைத்தார். அவர் வைத்த விதம்தான் அறிக்கை சொல்லும் முரட்டுச் சுபாவம்.

கிரேன் ஓட்டுநரின் தாடை உடைந்தது அப்படித்தான். சம்மட்டி தொட்டிக்குள் குனிந்திருந்தபோது, அந்த ஓட்டுநர் கிரேனைத் திருப்பாமல், அரை டன் எஞ்சினைத் தலைக்கு மேலேயே தொங்கவிட்டு பீடி பற்றவைத்திருந்தார். சம்மட்டி ஏணி ஏறிப் போனார். ஒரே ஒரு குத்து. பிறகு சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கேட்டார்: "படத்துல மூணாவது என்னா இருக்கு? சொல்லு." ஓட்டுநரால் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்று விரலைக் காட்டினார். "இப்ப புரியுதில்ல" என்று கீழே இறக்கிவிட்டு, மருத்துவமனைக்கும் அவரே தூக்கிப் போனார்.

இப்போது என் முதல் தவற்றை எழுத வேண்டும். எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. மழை நாளில் ஒரு மாதிரி, ஜெனரேட்டரில் ஓடும் நாளில் ஒரு மாதிரி, ஆள் குறைந்தால் ஒரு மாதிரி, மூடிய சிலிண்டர்கள் கலந்த சரக்கு வந்தால் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வரைந்தேன். ஐந்து படங்கள். தொட்டி மூடியின் கைப்பிடியை ஒருமுறை மாற்றினார்கள். நான் நான்கு படங்களைத் திருத்தினேன். ஜெனரேட்டர் நாளுக்கானதை மறந்தேன். இரண்டு மாதம் கழித்து மின்சாரம் போன ஒரு நாளில், ஒரு சுமையாள் அந்தப் பழைய படத்தைப் பார்த்து, இல்லாத கைப்பிடியைத் தேடிக் கை நீட்டினான். மூடி அவன் காலில் விழுந்தது. சம்மட்டி அந்தப் பூட்ஸைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்று விரல்கள் இருந்தன.

"இதையும் ஃபைல் பண்ணிக்கோ" என்றார்.

அன்று அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அதன்பின் ஐந்து படங்களையும் கிழித்தேன். மூலப்படம் ஒன்றுதான் இருக்க வேண்டும். எதையும் அதில் மட்டுமே திருத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். நாளுக்கு நாள் மாறுகிற படிகளை மட்டும் நிறமுள்ள கண்ணாடித் தாள்களில் வரைந்தேன். தாளை மூலப்படத்தின்மேல் தொங்கவிட்டால், மாறாத படிகள் ஊடே தெரியும். மாறும் படி ஒரு வெள்ளை ஒட்டால் மறைந்து, அதன்மேல் புதிய படம் அல்லது அடுத்த பெட்டிக்குத் தாவும் அம்பு வரும். சிலிண்டர் சரக்குக்குப் பச்சைத் தாள். ஒரு சிலிண்டர் தொட்டிக்குள் வெடித்துக் கூரைத் தகட்டைக் கிழித்து ஒருவன் காதையும் கொண்டுபோன பிறகு அது வந்தது. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் இப்படி ஒரு உடம்பு இருக்கிறது.

ஆள்குறைவுக்கு நீலத் தாள். கையாள் இல்லாத நாளில் ஐந்தாம் படியின் பூட்டைப் போட ஆள் இல்லை. அதனால் நீலம் ஐந்தை மறைத்து ஆறுக்கு அனுப்பும். ஜெனரேட்டருக்கு மஞ்சள். அந்த நாளில் எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டர் கொட்டகையில் இருப்பார். பேனல் அறை மெயின் சுவிட்ச் வழியாக மின்சாரம் வராது, அதைப் பூட்டியும் பயனில்லை. அதனால் மஞ்சள் ஆறை மறைத்து ஏழுக்கு அனுப்பும். நீலம் மட்டும் தொங்கினால் ஆறாவது பூட்டு காப்பாற்றும். மஞ்சள் மட்டும் தொங்கினால் ஐந்தாவது பூட்டு காப்பாற்றும். இரண்டும் சேர்ந்து தொங்கினால், நான்காவது பெட்டியில் மூடி திறக்கும்; அடுத்து கண்ணுக்குத் தெரியும் படம், தொட்டிக்குள் போகும் கை.

இது எனக்குத் தெரியும். அதனால்தான் படத்தின் மரச்சட்டத்தில் ஒரே ஒரு ஆணி அடித்தேன். ஓர் ஆணியில் ஒரு தாள். இரண்டு நிலைமைகள் ஒரே நாளில் சேர்ந்தால் தொங்கவிட ஒரு கறுப்புத் தாள் வைத்தேன். அது முழுப்படத்தையும் மறைக்கும். கறுப்பு தொங்கினால் பிரஸ் ஓடாது. எந்தத் தாள் தொங்குகிறது என்று ஃபோர்மேன் தினமும் காலையில் ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். கார்பன் நகல் என்னிடம் வரும். ஆறு ஆண்டுகள் இப்படி ஓடியது. ஆறு ஆண்டுகளில் ஒரு நகம்கூடப் போகவில்லை.

அந்த ஆறு ஆண்டுகளில்தான் சம்மட்டி எனக்கு மாப்பிள்ளை ஆனார். படம் திருத்த வீட்டுக்கு வந்துபோனவர், தங்கையைக் கேட்டார். பல்லைக் கொடுத்த வீட்டிலேயே பெண்ணும் எடுத்தான் என்று யார்டு சிரித்தது. வீட்டில் அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. ஓங்குகிறவள் என் தங்கைதான்; அவர் குனிந்து கொடுப்பார்.

2018இல் புதிய மேலாளர் வந்தார். ஜூன் மாதம் கறுப்பு எத்தனை நாள் தொங்கியது என்று கேட்டார். ஒன்பது நாள் என்று பதிவேட்டைக் காட்டினேன். ஜூலை 18ஆம் தேதி யார்டு தச்சர் வந்து, என் ஆணிக்கு நான்கு விரல் தள்ளி இன்னோர் ஆணி அடித்தார். கறுப்புத் தாளைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். வேலைச்சீட்டு எண் 212: "படச் சட்டத்தில் கூடுதல் ஆணி ஒன்று." கீழே மேலாளரின் கையெழுத்து. தச்சரிடமிருந்து சீட்டின் நகலை வாங்கினேன். மறுநாள் மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் இரண்டு பூட்டுகளும் மறையும், உயிர் போகும் என்று படம் வரைந்தே காட்டினேன். "பெறப்பட்டது" என்ற முத்திரையோடு நகல் திரும்பி வந்தது. கோப்பில் வைத்தேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று வாரங்களில் நீலமும் பச்சையும் சேர்ந்தன, ஒன்றும் ஆகவில்லை. மழையும் மஞ்சளும் சேர்ந்தன, ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9ஆம் தேதி காலையிலிருந்து மின்சாரம் இல்லை. பிரஸ் கையாளை லாரி இறக்க அனுப்பிவிட்டார்கள். இடுப்பிலிருந்த பூட்டும் சாவியும் அவனோடு போயின. ஃபோர்மேன் ஓர் ஆணியில் நீலத்தையும் மற்றதில் மஞ்சளையும் மாட்டினார். பத்தரை மணிக்கு ஒரு வாகனத்தின் எஃகுக் கயிறு மூடியின் விளிம்பில் சிக்கியது. இனி நான் எழுதுவது கிரேன் ஓட்டுநர் அன்று மாலையே எனக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம். தாடை உடைக்கப்பட்ட அதே ஓட்டுநர்தான். பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு தாளில் எழுதிவிட்டார். இரண்டு தாளும் என்னிடம் இருக்கின்றன.

சம்மட்டி சிவப்புப் பொத்தானை அழுத்தினார். முள் இறங்கும்வரை நின்றார். கிரேனைத் திருப்பச் சொன்னார். மூடியைத் திறந்தார். பிறகு படத்திடம் போனார். விரலை வைத்தார். திரும்பித் தொட்டியிடம் வந்தார். மறுபடி படத்திடம் போனார். விரல் நான்காவது பெட்டிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் நின்றது. ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பூட்டும் காணோமே?" என்று கேட்டார்.

ஃபோர்மேன் சிரித்தார். "படத்துல என்ன இருக்கோ அதைச் செய். ஊர்ல இருக்கறவன் தாடையெல்லாம் அதைச் சொல்லித்தானே ஒடச்ச? இப்ப உனக்கு வந்தா மட்டும் வலிக்குதா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர், பயந்துட்டான்யா சம்மட்டி என்றார். சம்மட்டி யாரையும் அடிக்கவில்லை. படத்தை இன்னொரு முறை பார்த்தார். மச்சான் வரைஞ்சது என்று சொன்னதாக ஓட்டுநர் எழுதியிருக்கிறார். பிறகு குனிந்து, கயிற்றை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார்.

பத்து நாற்பதுக்கு மின்சாரம் வந்தது. ஜெனரேட்டரிலிருந்து மாற்றும் சுவிட்ச் தானாக விழுந்தது. மாறிய அந்த ஒரு நொடியில் சிவப்புப் பொத்தானின் நிறுத்தம் அழிந்து, பிரஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூடி இறங்கியது. எடைமேடையில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. கண்ணாடி வெடிக்கவில்லை, கூரை மடியவில்லை. நேராக அந்த முனகல்தான் கேட்டது. இந்த முறை அது இரும்பின் சத்தம் அல்ல.

நான் ஓடிப்போனபோது கிரேன் ஓட்டுநர் தன் பெல்ட்டால் அவர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதற்குக் கை என்று சொல்லத்தக்க ஒன்று முழங்கைவரைதான் இருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து ஒழுகியது எண்ணெயோடு கலந்து தரைச் சாக்கடைக்குப் போனது. சம்மட்டிக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, படம் சரியாத்தானே இருந்தது என்று கேட்டார். நான் பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன்.

மருத்துவமனை நடையில் என் தங்கை என்னைப் பார்த்ததும் கையிலிருந்த எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கை என் தலையில் இறக்கினாள். நான்கு தையல். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது. என் படம், அவள் கணவர் கை என்ற கணக்கு மட்டும் தெரியும். அந்தக் கணக்கு சரியானது.

மறுநாள் நான் கூடத்துக்குள் போனபோது சட்டத்தில் ஓர் ஆணிதான் இருந்தது. மற்றதைப் பிடுங்கி, ஓட்டையில் மரத்தூளும் பசையும் அடைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். விரல் வைத்தால் ஒட்டியது. மஞ்சள் மட்டும் தொங்கியது. அதைத்தான் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள்: மஞ்சள் மட்டும் இருந்ததால் ஐந்தாம் படி உயிரோடு இருந்தது; இயக்குபவர் கையாளை அழைத்துப் பூட்டச் சொல்லவில்லை; ஆகவே மீறினார். பதிவேட்டில் அன்றைய பக்கம் இல்லை. கார்பன் நகல் மட்டும் என்னிடம் இருந்தது. "நீலம், மஞ்சள்", கீழே ஃபோர்மேனின் கையெழுத்து.

இதைக் கேட்டுத்தான் செப்டம்பர் 12ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு நான்கு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அழைப்பு மணியை அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணே என்று கூப்பிட்டே உள்ளே வந்தார்கள். அலமாரிச் சாவி கேட்டார்கள். நான் எழுத்துமூலம் கேட்கச் சொன்னேன். ஒருவன் என் வலது கையைப் பிடித்து அலமாரியின் இழுப்பறைக்குள் வைத்தான். இன்னொருவன் இழுப்பறையைக் காலால் உதைத்து மூடினான். எழுதுகிற விரல்கள் மூன்று உடைந்தன. இந்தக் கட்டுரையை நான் இடது கையால் எழுதுகிறேன். நானூற்றுப் பதினொரு கையேடுகளையும் தரையில் கொட்டி மிதித்தார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து என் தங்கையும் சம்மட்டியும் ஓடி வந்தார்கள். தையல் பிரித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் நின்றவனின் முழங்காலில் சம்மட்டி உதைத்த சத்தம் உள்ளே கேட்டது. அடுத்தவனின் மூக்கில் நெற்றியால் மோதினார். மூன்றாமவன் விஷயம் தெரிந்தவன். ஒரு நாற்காலிக் காலை எடுத்து அவருடைய கைமுனையில் அடித்தான். ஒரு முறை அல்ல. பதினாறு ஆண்டு அந்தப் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் அப்போதுதான் கத்தி நான் கேட்டேன். தங்கை என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைநீரோடு வந்து அவன் முதுகில் ஊற்றினாள். கையில் கிடைத்த கோப்புகளோடு ஓடினார்கள். கார்பன் நகலில் ஒன்று போனது. நான் எதையும் மூன்றாக வைப்பவன்.

தரையில் கிடந்த தாள்களைத் தங்கை பொறுக்கினாள். அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜூலை 19ஆம் தேதிக் கடிதம். அதைச் சம்மட்டிக்கு உரக்கப் படித்தாள். முத்திரையின் தேதிவரை படித்தாள். கட்டிலில் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"உனக்குத் தெரியுமா மச்சான்?"

தெரியும் என்றேன்.

"மூணு வாரம் முன்னாடியே?"

ஆமாம் என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

சொன்னால் மேலாளரின் தாடை உடையும், வேலை போகும், தங்கை தெருவில் நிற்பாள் என்று பயந்ததாகச் சொன்னேன். அது உண்மை.  அவர் தன் நெற்றியை என் முகத்தில் இறக்கினார். மூக்கெலும்பு உடைந்தது. நான் சுவரோடு சரிந்தேன். அவரும் என் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒருவர் ரத்தம் ஒருவர் சட்டையில் பட்டது.

"லெட்டர் எழுதினியே மச்சான். ஒரு ஆணி. அதைப் புடுங்கிப் போட்டிருக்கக் கூடாதா?"

என்னிடம் குறடு இருந்தது. எடைமேடை அறையின் இழுப்பறையில் எப்போதும் இருக்கும். ஆணிக்கும் என் மேசைக்கும் எழுபது அடி. நான் அதைச் செய்யவில்லை. என் நெஞ்சை அமைதிப்படுத்த அந்த முத்திரை போதுமானதாக இருந்தது.

பிறகு அவர் சொன்னார். "கை போனது போச்சு. என்னை ரவுடின்னு எழுதட்டும், குடிகாரன்னு எழுதட்டும். பேப்பரை மீறினேன்னு மட்டும் எழுதக் கூடாது. அந்த யார்டுல அதைப் பாத்து வேலை செஞ்சவன் நான் ஒருத்தன்தான். நீ எழுது மச்சான். உன் பேரையும் சேத்து எழுது."

சேர்த்திருக்கிறேன். குற்றச்சாட்டின் இரண்டாம் பகுதி என்மீது: ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 9 வரை, ஆபத்தை முழுமையாக அறிந்திருந்தும், அதைக் கடிதமாக்கிக் கோப்பில் வைத்துவிட்டு, சம்பந்தப்பட்ட மனிதரிடமிருந்து மறைத்தேன். இதை நான் மறுக்கவில்லை. விசாரணை வைத்தால் வந்து சொல்வேன்.

வேலைச்சீட்டு 212, ஜூலை 19ஆம் தேதிக் கடிதம், ஆகஸ்ட் 9ஆம் தேதிக் கார்பன் நகல், கிரேன் ஓட்டுநரின் இரு தாள்கள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல்கள் என் வீட்டில் இல்லை. தேடி ஆள் அனுப்ப வேண்டாம். கையெழுத்துக்குப் பதிலாக முதல் பக்கத்தின் கீழ் இருப்பது இயக்குபவரின் இடது கால் பெருவிரல் ரேகை. என் தங்கை மை தடவினாள். அவரே நின்றபடி வைத்தார்.

கேட்பது ஒன்றே. 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, அந்தச் சட்டத்தில் எத்தனை ஆணிகள் இருந்தன, அவற்றில் எந்தெந்த நிறத் தாள்கள் தொங்கின? அந்தத் தாள்களின் ஊடே பார்த்தால் ஐந்தாம் படி தெரிந்ததா, இல்லையா? தெரியவில்லை என்றால், பதினான்காம் பக்கத்தில் உள்ள "மீறினார்" என்ற சொல்லை நீக்கிய திருத்த அறிக்கையை அவருக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து நாட்களுக்குள், தேதியிட்டு, பொறுப்பாளரின் கையெழுத்தோடு, எழுத்துமூலம் பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்வதும், ஆள்விட்டுச் சொல்வதும் பதிலாக ஏற்கப்படாது.